நாவலில் எல்லோர் பையிலும் மாத்திரை... மதுரையில் நிலைமை என்ன?

லேசாக மனசு சரியில்லையா? ஒரு மாத்திரை. கோபம் வருகிறதா? இன்னொரு மாத்திரை. ஆங்கில எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932-ல் வெளியிட்ட 'பிரேவ் நியூ வேர்ல்டு' நாவலில் மக்கள் இப்படித்தான் வாழ்கிறார்கள். அந்த மாத்திரையின் பெயர் 'சோமா'. அரசாங்கமே அதை விநியோகிக்கும். போட்டுக்கொண்டால் கவலை பறந்துவிடும். கேள்வி கேட்கும் எண்ணமும் கூடவே போய்விடும்.

இன்று உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானோர் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறார்கள். 'ஹக்ஸ்லி பயந்த உலகம் வந்துவிட்டதா?' என்று மேலை நாடுகளில் கேட்கிறார்கள். அதே பயம் மதுரைப் பக்கம் வேறு வார்த்தைகளில் வரும். "அந்த மாத்திரைய ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாதாம்", "எந்நேரமும் தூங்க வச்சிருமாம்ல!"

இந்தப் பயம் நியாயமானதா?

சோமா வேறு... இது வேறு!

மனச்சோர்வு மருந்தின் கதை காசநோய் வார்டில் தொடங்கியது. 1950-களில் காசநோய்க்காகக் கொடுத்துப் பார்த்த இப்ரோனியாசிட் என்ற மருந்து, நோயாளிகள் சிலரின் மனநிலையையும் உற்சாகமாக்கியதை டாக்டர்கள் கவனித்தார்கள். பிறகு பல மருந்துகள் வந்தன. இப்போது பரவலாகத் தரப்படும் ஃப்ளுவாக்ஸெடினுக்கு 1987-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

சோமா போட்ட உடனே வேலை செய்யும். இந்த மாத்திரைகளின் பலன் தெரியவே பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். இவற்றில் போதை கிடையாது. பலரும் தூக்க மாத்திரையையும் இதையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள். பழக்கமாகிவிடும் ஆபத்து அதிகமுள்ளது சில வகைத் தூக்க மாத்திரைகளில்தான்.

அதற்காக இவை மிட்டாயும் இல்லை. ஆரம்பத்தில் குமட்டல், தலைவலி, தூக்கத்தில் மாற்றம் வரலாம். 25 வயதுக்கு உட்பட்டவர்களில் சிலருக்கு முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம். அதனால் வீட்டில் இருப்பவர்கள் கூடவே இருந்து கவனிக்க வேண்டும். 'இப்போ நல்லாத்தானே இருக்கு' என்று திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல் வரும். டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைத்தால் நிறுத்திவிடலாம்.

இங்கே கதை தலைகீழ்

பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் வயதுவந்தோரில் 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் மனச்சோர்வுக்கு ஆளாகிறார். மனச்சோர்வு உள்ள 100 பேரில் சுமார் 85 பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. ஹக்ஸ்லியின் நாவலில் எல்லோருக்கும் மாத்திரை; இங்கே தேவைப்படுகிறவர்களுக்கே அது போய்ச் சேரவில்லை.

'பேய் பிடிச்சிருக்கு', 'செய்வினை' என்று மந்திரித்துக் கயிறு கட்டுவதில் சிலருக்கு மாதங்கள் ஓடிவிடுகின்றன. சிகிச்சை கிடைக்காததன் உச்சத்தை 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் பார்த்தோம். சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி இறந்தார்கள். பின்னாளில் ஏர்வாடி தர்கா வளாகத்திலேயே மனநலச் சிகிச்சையும் தொடங்கியது. பிரார்த்தனையும் நடக்கட்டும், மருந்தும் சாப்பிடட்டும் என்ற ஏற்பாடு அது.

மதுரையில் எம்.எஸ்.செல்லமுத்து அறக்கட்டளை 1992 முதல் மனநலப் பணி செய்கிறது. பெரியாஸ்பத்திரி என்று ஊரே அழைக்கும் அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ பஸ் ஏறினால் வந்துவிடலாம். ஆனால், 'யாராச்சும் பார்த்துட்டா?' என்ற தயக்கம்தான் பலரையும் தடுக்கிறது.

ஹக்ஸ்லியிடம் கற்க வேண்டியது

அந்த நாவலின் எச்சரிக்கையிலும் உண்மை இருக்கிறது. கந்துவட்டிக் கடனை மாத்திரை அடைக்காது. குடித்துவிட்டு அடிக்கும் கணவனைத் திருத்தாது. காரணத்தை அப்படியே விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் கொடுத்தால், அது சோமா மாதிரிதான் ஆகிவிடும். லேசான மனச்சோர்வுக்கு மாத்திரை தேவையில்லை, ஆலோசனையே போதும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. தீவிரமானால் மாத்திரை, கவுன்சலிங், குடும்பத்தின் துணை மூன்றும் சேர்ந்தால்தான் நல்லது.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமில்லை, பசியில்லை, 'இருந்து என்ன செய்ய?' என்ற பேச்சு வருகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் பழைய சீட்டைக் காட்டி நீங்களாக மாத்திரை வாங்கவும் வேண்டாம். மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச எண் 14416-ஐ 24 மணி நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுவதை நாம் யாரிடமும் மறைப்பதில்லை. மனசுக்குச் சாப்பிடும் மாத்திரையை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?