கடல் மேல் ஒரு மின்னல் கோடு

கார்த்திகை தீபத்தன்று மாலை ஐந்தரை மணிக்குத் திருவண்ணாமலையில் யாரும் பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்ப்பதில்லை. எல்லாக் கழுத்தும் அண்ணாந்திருக்கும். மலை உச்சி 2,668 அடி. அங்கே கொப்பரையில் டன் கணக்கில் நெய், காடாத் துணித் திரி, தீபம் ஏற்றும் உரிமை பெற்ற பருவதராஜ குலத்தார். கீழே நிற்பவர்களுக்கு ஒரே கவலைதான்: மேகம் விலகுமா? வடகிழக்குப் பருவமழைக் காலம் அல்லவா! பகலெல்லாம் வெயில் அடித்துவிட்டு, ஐந்தே முக்காலுக்கு எங்கிருந்தோ ஒரு மேகம் வந்து உச்சியில் முண்டாசு கட்டிக்கொள்ளும் வருடங்கள் உண்டு. அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்து ஆடி உள்ளே போவார், கோயிலுக்குள் அகண்ட தீபம் எரியும், உச்சியில் சுடர் தெரிய வேண்டிய இடத்தில் செம்மஞ்சளாக ஒரு கறை மட்டும் தெரியும். அரோகரா சத்தத்தில் மட்டும் குறை இருக்காது.

அந்த முண்டாசு மேகத்துக்குள் கொஞ்சம் போய்ப் பார்ப்போம். அது நீராவி அல்ல, கோடானுகோடி நீர்த்துளிகள். ஒரு துளியின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு இருக்கும். ஒரு மழைத்துளி சேர வேண்டுமானால் இப்படிப்பட்ட பத்து லட்சம் துளிகள் ஒன்றுகூட வேண்டும். ஒவ்வொரு துளிக்குள்ளும் ஒரு துகள் உட்கார்ந்திருக்கிறது: கடல் உப்பு, மண் தூசி, புகை, ஏதோ ஒன்று. பற்றிக்கொள்ள ஒரு துகள் இல்லாவிட்டால் நம் வானத்தில் நீராவி துளியாகவே மாறாது. ஈரப்பதம் நூறு சதவீதத்தைப் பல மடங்கு தாண்டினால்தான் மாறும். அந்த அளவுக்கு வானம் எப்போதும் போவதில்லை.

எல்லாத் துகளும் இதற்குச் சமமாக உதவுவதில்லை. தீபம் பதினொரு நாள் எரிந்து முடிந்ததும் கொப்பரையிலிருந்து எடுக்கும் மை, மார்கழி ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்தப்பட்டு, பிறகு பக்தர்களுக்குப் பிரசாதமாகக் கிடைக்கும். அந்த மை பெரும்பாலும் நெய்ப் புகையின் கரி. புதுக் கரி தண்ணீரோடு ஒட்டாது. கரி பிடித்த வாணலியில் தண்ணீர் ஊற்றினால் கரித்தூள் மேலே மிதப்பதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்போம். மேகம் கட்ட அது அவ்வளவாக உதவாது. கந்தகப் புகையிலிருந்து பிறக்கும் சல்பேட் துகள் நேர் எதிர். அடைமழை நாளில் உப்பு ஜாடி கசிந்து நிற்பதைப் போல, காற்றில் ஈரம் தென்பட்டதுமே இழுத்துக்கொள்ளும்.

அந்தக் கந்தகப் புகையைப் பல பத்தாண்டுகளாகக் கடலுக்கு மேல் நேர்கோட்டில் ஊதிக்கொண்டு போனவை கப்பல்கள். 2020 ஜனவரி 1 அன்று அந்தப் புகையில் பெரும்பகுதியைக் குறைக்கச் சொன்னார்கள். குறைத்த பிறகுதான், அது வானத்தில் என்னென்ன செய்துகொண்டிருந்தது என்பது முழுசாக வெளிச்சத்துக்கு வந்தது.

அடிவண்டலின் கதை

தீக்குச்சி கிழித்த அடுத்த நொடியில் மூக்கில் சுருக்கென்று ஏறும் நெடிதான் கந்தக டை ஆக்சைடு. அது கப்பலுக்குள் எப்படி வந்தது? கச்சா எண்ணெயில் கந்தகம் இயல்பாகவே உண்டு. மணலியில் இருப்பது போன்ற ஒரு சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெயைக் காய்ச்சினால் சமையல் வாயு, பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் என்று இலேசானவை ஒவ்வொன்றாக மேலே பிரிந்து போகும். அடியில் தங்குவது தார் போன்ற ஒரு வண்டல். கந்தகமும் அதில்தான் செறிந்து கிடக்கும். விலை மலிவான அந்த வண்டலைத்தான் உலகத்துக் கப்பல்கள் எரித்து வந்தன.

அதன் முகத்தைச் சென்னைக்காரர்கள் ஒருமுறை நேரில் பார்த்தார்கள். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதியதில் கனமான எரிஎண்ணெய் கடலில் கொட்டியது. கரைப் பாறைகளின் மேல் கருப்புக் களியாக அது திரண்டு நிற்க, மீனவர்களும் மாணவர்களும் பக்கெட்டால் அள்ளினார்கள். கப்பலுக்குள்ளும் அது அப்படித்தான் இருக்கும். சூடேற்றினால்தான் குழாயில் ஓடும். இன்ஜினுக்குள் பீய்ச்சுவதற்கு முன் 130 டிகிரி அளவுக்குக் காய்ச்ச வேண்டும்.

கணக்கு எளிது. பெரிய சரக்குக் கப்பல் ஒன்று ஒரு நாளில் 100 டன் எண்ணெய் எரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய உச்சவரம்பு 3.5 சதவீதம். அதன்படி எண்ணெயில் மூன்றரை டன் கந்தகம். எரியும்போது ஆக்சிஜன் சேர்ந்து எடை இரட்டிக்கும். ஆக, புகைபோக்கி வழியாக நாளொன்றுக்கு 7 டன் கந்தக டை ஆக்சைடு. புதிய வரம்பு 0.5 சதவீதம். இப்போது அதே கப்பல் வெளியே விடுவது ஒரு டன்.

கடுமையான விதி என்று பெயர். ஆனால் 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியா முழுவதும் விற்கும் பி.எஸ்-6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். கப்பலின் 0.5 சதவீதம் என்பது பத்து லட்சத்தில் 5,000 பங்கு. கிரிவலத்துக்கு ஆள் ஏற்றி வரும் பேருந்தின் டீசலைவிட 500 மடங்கு. பழைய எண்ணெயோ 3,500 மடங்கு! நடுக்கடலில் யார் மூக்கைப் பொத்தப்போகிறார்கள் என்ற நினைப்பில் ஓடிய காலம் அது. ஆனால் கப்பல்கள் பெரும்பாலும் கரையை ஒட்டித்தான் போகின்றன. பழைய எண்ணெயே தொடர்ந்தால் கப்பல் புகையால் ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் பேர் காலத்துக்கு முன்பே இறப்பார்கள், புதிய வரம்பு வந்தால் அது சுமார் 2.5 லட்சமாகக் குறையும் என்று 2018-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

ஓர் இரவில் மாறவில்லை

ஐ.நா.வின் சர்வதேச கடல்சார் அமைப்பு இந்தத் தேதியை உறுதி செய்தது 2016 அக்டோபரில். கையில் இருந்தது மூன்று வருடம். அதற்குள் ஒரு தொழிலே தன் அடுப்பை மாற்றிக் கட்ட வேண்டும்.

வழிகள் மூன்று. முதலாவது, கந்தகம் குறைந்த எண்ணெய்க்கு மாறுவது. ஆலைகளில் உயர் அழுத்த ஹைட்ரஜனைச் செலுத்தி எண்ணெயிலிருந்து கந்தகத்தைப் பிய்த்தெடுக்கிறார்கள். அது கடைசியில் மஞ்சள் பொடியாக வந்து விழும். உரத்துக்கும் ரசாயனத்துக்கும் இன்று உலகம் பயன்படுத்தும் கந்தகத்தில் பெரும்பகுதி இப்படி எண்ணெய், எரிவாயு ஆலைகளில் பிரித்ததுதான். இரண்டாவது, மலிவு எண்ணெயையே எரித்துவிட்டு, புகையைக் குளிப்பாட்டி அனுப்புவது. ஸ்க்ரப்பர் என்ற கோபுரத்துக்குள் கடல் நீரைத் தூவினால், காரத்தன்மை கொண்ட அந்த நீர் அமிலப் புகையைப் பிடித்துக்கொள்ளும். கழுவிய நீரை மறுபடி கடலில்தானே விடுகிறார்கள், அழுக்கு இடம்தானே மாறியது என்று கேள்வி எழுந்தது. சிங்கப்பூர் துறைமுகம் அந்த நீரைத் தன் எல்லைக்குள் விடக்கூடாது என்று 2020 முதல் தடுத்துவிட்டது. மூன்றாவது, திரவ எரிவாயுவில் ஓடும் புதுக் கப்பல்.

பெரும்பாலானவர்கள் முதல் வழிக்கே போனார்கள். அதிலும் சும்மா மாற்றி ஊற்றிவிட முடியாது. பல வருட வண்டல் டேங்கின் சுவரில் அப்பிக் கிடக்கும். அது கொஞ்சம் கலந்தாலே புது எண்ணெய் வரம்பைத் தாண்டிவிடும். ஆகவே 2019 முழுக்க டேங்க் டேங்காகச் சுரண்டிக் கழுவினார்கள். இரண்டு ஊரில் வாங்கிய எண்ணெய்கள் ஒன்றோடொன்று சேராமல் திரிந்து போய் வடிகட்டியை அடைத்துக்கொள்ளும் தொல்லையும் இருந்தது.

இன்னும் நுட்பமான ஒரு சிக்கல் சிலிண்டருக்குள். பழைய எண்ணெய் எரியும்போது கந்தக அமிலம் உருவாகி இரும்புச் சுவரை அரிக்கும். அதனால் உராய்வைக் குறைக்கும் சிலிண்டர் எண்ணெயிலேயே கால்சியம் சேர்ந்த காரப் பொருளைக் கலந்து வைத்திருப்பார்கள். நெஞ்செரிச்சலுக்கு நாம் மாத்திரை போட்டுக்கொள்கிற மாதிரி. எரிஎண்ணெயில் கந்தகம் குறைந்ததும் அந்தக் காரம் தேவைக்கு அதிகமாகிவிட்டது. அணைக்க அமிலம் இல்லாத கால்சியம் பிஸ்டன் தலையில் சுண்ணாம்பாகப் படிந்து உரசத் தொடங்கியது. எரிக்கும் எண்ணெயை மாற்றினால் மசகு எண்ணெயையும் மாற்ற வேண்டியதாயிற்று.

ஏமாற்றினால் எப்படித் தெரியும்? துறைமுகத்தில் எண்ணெய் ஏற்றும்போதே ஒரு புட்டியில் மாதிரி எடுத்து, முத்திரை வைத்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு, கப்பலில் குறைந்தது 12 மாதம் வைத்திருக்க வேண்டும். அதிகாரி ஏறி வந்து கேட்டால் அந்தப் புட்டி பேசும்.

ஆனால் இந்த விதிக்கு வானமும் ஒரு மாதிரிப் புட்டி வைத்திருந்தது.

தெற்கே 700 கிலோமீட்டரில்

திருவண்ணாமலையிலிருந்து தெற்கே சுமார் 700 கிலோமீட்டர் போனால் இலங்கையின் தென்கோடியான தெவுந்தர முனை வரும். சைவர்கள் பஞ்ச ஈஸ்வரங்களில் ஒன்றாகச் சொல்லும் தொண்டேஸ்வரம் நின்ற கரை அது. இன்று அங்கே 49 மீட்டர் உயரத்தில் ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது, 1890-இலிருந்து எரிகிறது. எங்கள் ஊர் தீபத்தைப் போலவே தூரத்தில் இருப்பவர்களுக்கென்று உயரத்தில் ஏற்றிய விளக்குதான். அதன் வெளிச்சத்தைத் தாண்டி, இலங்கையின் தென்கரையிலிருந்து சுமத்ராவின் வடமுனை வரை, அங்கிருந்து மலாக்கா நீரிணை வழியாகச் சிங்கப்பூர் வரை, உலகின் மிகப் பரபரப்பான கப்பல் பாதைகளில் ஒன்று போகிறது. காற்றையும் நீரோட்டத்தையும் நம்பி வளைந்து போன பாய்மரக் காலம் முடிந்துவிட்டதால் அது ஏறக்குறைய ஒரு நேர்கோடு.

உலகெங்கும் விழும் மின்னல்களைப் பதிவு செய்யும் ஒரு கண்காணிப்பு வலையமைப்பு உண்டு. அதன் வரைபடத்தைப் பார்த்த கேத்ரினா விர்ட்ஸ் என்ற ஆய்வாளர் கண்ணில் ஒரு விசித்திரம் பட்டது: இந்தியப் பெருங்கடலின் நடுவே மின்னல்கள் ஒரு நேர்கோட்டில் விழுந்திருந்தன. இயற்கை அளவுகோல் வைத்துக் கோடு போடுவதில்லையே! வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜோயல் தார்ன்டன் உள்ளிட்டோர் 2005 முதல் 2016 வரையிலான பதிவுகளை அலசி 2017-இல் விடையை வெளியிட்டார்கள். கோடு, கப்பல் பாதையின் மேல் அச்சாகப் பொருந்தியது. பக்கத்துக் கடலைவிடப் பாதையின் மேல் மின்னல் ஏறத்தாழ இரு மடங்கு.

காரணத்தை இப்படி விளக்கினார்கள். சுத்தமான கடல் காற்றில் துகள் குறைவு, துளிகள் பெரிதாகும், சீக்கிரம் மழையாக இறங்கிவிடும். கப்பல் புகை சேர்ந்தால் அதே நீரைப் பல துகள்கள் பங்கு போட்டுக்கொள்ளும். துளிகள் சிறுத்து, விழாமல், மேலெழும் காற்றோடு உறைநிலையைத் தாண்டி உயரப் போகும். அங்கே பனித் துணுக்கும் ஆலங்கட்டிக் குருணையும் ஒன்றோடொன்று மோதி உரசும்போது மின்னூட்டம் பிரிகிறது. பிரிந்தது சேரத் துடிப்பதுதான் மின்னல்.

சந்தேகப்படவும் இடம் இருந்தது. வெட்டவெளிக் கடலில் உயரமாக நிற்கும் இரும்பு, கப்பல் ஒன்றுதானே; மின்னலை அதுவே இழுத்திருக்கலாம் அல்லவா? இதற்கு யாராலும் சோதனை நடத்த முடியாது. எல்லாக் கப்பலையும் அதே பாதையில் ஓடவிட்டு, புகையை மட்டும் மாற்றிக் காட்டு என்று யாரிடம் கேட்பது?

2020-இல் அது தானாகவே நடந்தது. இரும்பு அப்படியே ஓடியது; கந்தகத்தின் வரம்பு மட்டும் ஏழில் ஒரு பங்கானது. அதே குழுவினர் மறுபடி எண்ணிப் பார்த்து 2025-இல் சொன்னது: பாதையின் மேல் விழுந்துவந்த அந்தக் கூடுதல் மின்னல் 40 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. இரும்பு மட்டுமே காரணமாக இருந்திருந்தால் அது குறைந்திருக்க வழியில்லை.

இடித்த கற்கண்டு

கப்பல் புகை செய்த இன்னொரு வேலை 1960-களிலேயே தெரிந்திருந்தது. அன்றைய வானிலைச் செயற்கைக்கோள் படங்களில், குளிர்ந்த கடல்களின் தாழ்வான மேகப் பரப்பில், நகத்தால் கீறியது போல வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. கீழே கப்பல் போன தடம் அது. கற்கண்டுக் கட்டி கண்ணாடி போல இருக்கும். உரலில் இடித்தால் வெள்ளை மாவாகிவிடும். பொருள் அதே, முகங்கள் பெருகியதால் ஒளியை அதிகம் சிதறடிக்கிறது. மேகத்து நீரும் சிறு துளிகளாக உடைந்தால் இன்னும் வெளுத்து, வெயிலைக் கூடுதலாகத் திருப்பி அனுப்பும். 2020-இல் அந்தக் கீறல்கள் அதுவரையிலான சுமார் இருபதாண்டுப் பதிவுகளில் இல்லாத அளவுக்குக் குறைந்தன.

அதாவது, நுரையீரலைக் கெடுத்த அதே புகை கடலுக்குக் கொஞ்சம் நிழலும் தந்துகொண்டிருந்தது. நிழல் குறைந்ததால் பூமியின் சராசரி வெப்பம் எவ்வளவு ஏறும் என்பதில் விஞ்ஞானிகளிடையே வாதம் நடக்கிறது. பல கணக்குகள் ஒரு டிகிரியில் நூற்றில் சில பங்கு என்கின்றன. அதற்காகக் கந்தகத்தைத் திரும்ப ஊற்ற முடியாது. சல்பேட் துகள் சில நாட்களில் மழையோடு இறங்கிவிடும். அதே புகைபோக்கியில் வரும் கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுகள் தங்கும். நாள் வாடகைக்கு எடுத்த குடையைத் தலைமுறைக் கடனோடு சேர்த்துப் பிடித்திருந்தோம். குடையை மடக்கிய பிறகு கடன் மட்டும் வெயிலில் நிற்கிறது.

இவ்வளவும் கண்டுபிடிக்க முடிந்ததற்கு ஒரு காரணம்தான்: கப்பல்கள் நேர்கோட்டில் போயின. அழுக்கு ஒரு கோடாக இருந்ததால், அழித்தபோது அழிந்ததும் தெரிந்தது. தீபத்தன்று மலை உச்சியில் முண்டாசு கட்டும் மேகத்துக்கு அந்த வசதி இல்லை. அதன் துளிகளுக்குள் வங்கக் கடலின் உப்பும் இருக்கும், பேருந்துப் புகையும் இருக்கும், தெருவில் வெடித்த பட்டாசின் கந்தகமும் இருக்கும், வயலில் கொளுத்திய சருகும் இருக்கும். எது யாருடையது என்று பிரித்துச் சொல்ல அங்கே கோடு இல்லை. மார்கழியில் ஒரு காகிதப் பொட்டலத்தில் கைக்கு வரும் தீப மையை நெற்றியில் இட்டுக்கொள்ளும்போது, பதினொரு நாள் நெருப்பில் கொப்பரை பிடித்து வைத்தது இவ்வளவுதான் என்று தோன்றும். மீதியெல்லாம் மேலே போய்விட்டது; அதில் கொஞ்சம் ஏதோ ஒரு மேகத்துளிக்குள் துகளாக உட்கார்ந்திருக்கலாம்.