மலைக்கிளியும் ஒளிப்படக் கருவியும்

தமிழிலக்கியத்தில் கிளிக்குத் தனியிடம் உண்டு. ஐங்குறுநூற்றில் கபிலர் 'கிள்ளைப் பத்து' என ஒரு பகுதியையே பாடியுள்ளார். சங்கப் புலவர்கள் கிளியின் கழுத்தில் செந்நிற மாலையைக் கண்டனர். அஃது இன்றும் நம் ஊர்ப்புறங்களில் காணும் பச்சைக்கிளிக்குப் பொருந்தும் அடையாளமாகும். ஆயின், மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய நீலச்சிறகுக் கிளியின் கழுத்தில் சிவப்பு இல்லை. நீலகிரி, ஆனைமலைக் காடுகளில் வாழும் இக்கிளியை இனங்கண்டு படமெடுப்பது எவ்வாறு?

ஆண் கிளியின் தலையும் முதுகும் மார்பும் சாம்பல் நிறம். கழுத்தில் கரிய வளையமும், அதனையொட்டி நீலப்பச்சைப் பட்டையும் உண்டு. மேலலகு சிவப்பு. பெண்ணுக்கு அலகு கறுப்பு. நீலப்பச்சைப் பட்டை இல்லை. இரண்டிற்கும் சிறகும் வாலும் நீலம், வால்நுனி மஞ்சள். செந்தலைக் கிளியின் பெண்ணும் சாம்பல் தலையுடையதே. எனினும் அதன் உடல் பச்சை, அலகு வெளிர்மஞ்சள், வால்நுனி வெண்மை. ஆகவே அலகு, கழுத்து, வால்நுனி ஆகிய மூன்றும் தெளிவாகப் பதிவாக வேண்டும்.

பறவையைப் பின்தொடர்ந்து ஓடுவதால் பயனில்லை. கனிந்த அத்தி மரத்தையோ பூத்த முள்முருங்கையையோ கண்டறிந்து, காலைப்பொழுதில் அமைதியாகக் காத்திருத்தல் வேண்டும். கூட்டமாகக் கீச்சிட்டு வரும் ஒலியே முதல் அறிவிப்பு. கீழிருந்து வானத்தை நோக்கி எடுத்தால் பறவை வெறும் கருநிழலாகிவிடும். மரத்தின் உச்சிக்கு இணையான மலைச்சரிவில் நின்றால் நிறங்கள் புலப்படும்.

முற்காலப் பறவையியலார் பறவைகளைச் சுட்டு, உடலைப் பதப்படுத்தியே ஆராய்ந்தனர். 1933இல் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளின் பறவைகளைக் கணக்கெடுத்த அறிஞர் சாலிம் அலி அவர்களும், சிறுவயதில் தாம் சுட்ட குருவியின் கழுத்தில் இருந்த மஞ்சள் நிறத்தைக் கண்டு வியந்தே இத்துறைக்கு வந்தார். இன்று உயிரைப் போக்காமலே அவ்வறிவைப் பெற ஒளிப்படக் கருவி உதவுகிறது.

ஆயினும் கருவியும் தீங்கு செய்யக்கூடும். சனவரி முதல் மார்ச்சு வரை இக்கிளிகள் மரப்பொந்துகளில் குஞ்சு பொரிக்கும். அப்போது பொந்தருகே நெருங்கினால் தாய்ப்பறவை அஞ்சி விலகும். பொந்தின் இருப்பிடம் வெளியே தெரிந்தால் குஞ்சு திருடுவோர் வருவர். நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

சுலைமான் நபியவர்களுக்குப் பறவைகளின் மொழி கற்பிக்கப்பட்டதைத் திருக்குர்ஆன் கூறும். நமக்கு அப்பேறு இல்லை. பார்வையால் அறிந்து, தொடாமல் திரும்பும் பண்பையேனும் மாணவர் கைக்கொள்வாராக!