உறைந்த ஏரியில் ஒரு நாள்

எழுவைதீவிற் பிறந்தவனுக்கு நீர் என்றால் ஓயாது அசைவது. மார்கழி வாடையில் அது சீறும்; சோளகத்தில் புரண்டு வரும். அந்த நீர் கல்லைப்போல் இறுகிக் கிடக்க, அதன்மேல் மனிதர் நடந்துபோய் மீன் பிடிப்பர் என்று யாரேனும் சொல்லியிருந்தால், கடற்றொழில் செய்த என் தகப்பனார் நகைத்திருப்பார். சென்ற மாசி மாதம் கனடாவில் அக்காட்சியை நான் கண்ணாரக் கண்டேன்.

ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ளது சிம்கோ ஏரி. அதன் பரப்பு ஏறத்தாழ 720 சதுர கிலோமீற்றர். எங்கள் தீவோ இரண்டு சதுர கிலோமீற்றரும் இல்லாதது. 1990ஆம் ஆண்டுப் போரின்போது சிறுவனாக ஊரை விட்டுப் போன என் தமக்கையின் மகன் என்னை அங்கே அழைத்துச் சென்றான். தச்சரின் துறப்பணத்தைப் பெருக்கினாற் போன்ற ஒரு கருவியால் ஓரடிக் கனமான பனிக்கட்டியைத் துளைத்து, மேலே சிறு கூடாரம் அடித்து, துளையினூடே தூண்டிலை இறக்கினான். நாங்கள் நாடிச் சென்றது மஞ்சட் பேர்ச் என்னும் மீனை.

இத்தகைய குளிரில் மீன் எவ்வாறு உயிர்வாழ்கிறது என்று மாணவர் கேட்கலாம். நீர் 4 பாகை செல்சியசில் மிகவும் அடர்த்தியாகிக் கீழே தங்குகிறது. அதனினும் குளிர்ந்த நீர் இலேசாகி மேலே நின்று உறைகிறது. ஆகவே பனிக்கட்டி ஏரிக்கு ஒரு கூரையாகிவிடுகிறது.

நிற்க. சற்று நேரத்தில் தூண்டில் கனத்தது. வந்தது பேர்ச் அன்று. 'சிறுவாய் பாஸ்' என்னும் மீன். வட அமெரிக்காவுக்கே உரிய இம்மீன் கோடையில் தூண்டிற்பட்டால் நீரைவிட்டுத் துள்ளிப் போராடும். குளிர்காலத்திலோ உடலியக்கம் தணிந்து, அரிதாகவே இரையெடுத்து, ஆழமான சில இடங்களிற் கூட்டமாக ஒதுங்கிவிடும். வட நீர்நிலைகளில் இது ஓரடி நீளம் வளர நான்கைந்து ஆண்டுகள் செல்லும். குளிர்காலத்தில் இதைப் பிடித்து வைத்துக்கொள்வது அங்கே சட்ட விரோதம்.

"இதை விட்டிடுவம் மாமா" என்றான் மருமகன்.

விட்டோம். மீன் கீழே போகவில்லை. வயிறு உப்பித் துளையிலேயே மிதந்தது. ஆழத்திலிருந்து விரைவாக இழுக்கப்பட்டதால் உள்ளிருக்கும் காற்றுப்பை விரிந்துவிட்டது என்றான் அவன்.

எனக்குத் தகப்பனாரின் நினைவு வந்தது. வலையிற் சினை நண்டு பட்டால் அவர் எடுத்துக் கடலில் விடுவார். காரணம் கேட்டால், "வாற வருஷம் கொப்பர் எதைப் பிடிக்கிறது?" என்பார். அந்த நண்டு நடந்து மறைந்துவிடும். இந்த மீனுக்கு எங்கள் இரக்கம் பயன்படவில்லை. பிடித்ததை விடுவது மட்டும் போதாது. விட்டாலும் பிழைக்காத இடத்தில் தூண்டிலையே போடாதிருக்க வேண்டும்.

இன்று தீவக மீனவரின் துயரமும் இதுவே. கடலடியை வாரிச் செல்லும் இழுவைமடியில் சினையும் குஞ்சும் சேர்ந்தே அகப்படுகின்றன. திருப்பி எறிந்தாலும் பெரும்பாலும் பிழைப்பதில்லை. 2017இல் இலங்கைப் பாராளுமன்றம் அடிமடி இழுவையைத் தடைசெய்தது. ஆயினும் பாக்கு நீரிணையைக் கடந்து வரும் இழுவைப் படகுகள் ஓயவில்லை.

மருமகனிடம் ஆழத்தைக் காட்டும் ஒரு மின்திரை இருந்தது. அதில் இன்னும் பல மீன்கள் கோடுகளாய்த் தெரிந்தன. சிறிது நேரம் அதையே பார்த்திருந்தான். பின்னர் ஒன்றும் பேசாமல் தூண்டிலைச் சுற்றிக் கூடாரத்தைப் பிரித்தான். ஆழம் குறைந்த இடம் தேடி நெடுந்தூரம் நடந்தோம்.

அன்று கிடைத்தவை நான்கு பேர்ச் மீன்களே. தமக்கை புளி சற்றுக் கூட்டிக் குழம்பு வைத்தாள். "அப்பு இருந்தால் இன்னும் உறைப்புக் கேட்பார்" என்றாள்.