மலிவுத் துப்பாக்கி: கெட்டால் யாரிடம் போவது?

அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளில் இது சகஜமான காட்சி. ஒரு பக்கம் இத்தாலியின் பெனெல்லி. பக்கத்திலேயே, பார்வைக்கு அதன் தம்பி மாதிரி, துருக்கியில் செய்த ஒரு ஷாட்கன். விலை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. வருஷத்துக்கு நாலு முறை வாத்து வேட்டைக்குப் போகிறவர் எதை எடுப்பார்? (இந்தியாவில் இந்தச் சங்கடமே இல்லை. சாதாரண லைசென்ஸ்தாரர் வெளிநாட்டிலிருந்து துப்பாக்கி வரவழைக்க வழி கிடையாது. தேர்ந்த போட்டி வீரர்களுக்குத்தான் அனுமதி.)

துருக்கித் துப்பாக்கிகளில் பலவற்றின் பிறப்பிடம் கோன்யா மாகாணம். அங்கே ஹூலு, உஸும்லு என்ற சிற்றூர்களில் துப்பாக்கி செய்வதுதான் குலத்தொழில் மாதிரி. ஹூலுவில் 1962ல் கைவினைஞர்கள் கூட்டுறவுச் சங்கமே ஆரம்பித்துவிட்டார்கள். துருக்கி வால்நட் மரம் வேறு உலகப் பிரசித்தம். வீட்டு விலைக்கு விற்கும் இங்கிலாந்துத் துப்பாக்கிகளுக்கும் அந்த மரம் போகிறது. ஆகவே மலிவுத் துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் மயக்குவது அதன் கட்டைதான்.

ஏமாற்றுவதும் அதுதான். மரத்தின் ரேகை கண்ணுக்குத் தெரியும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கையும், தோட்டாவைத் தட்டும் ஊசியையும் எப்படிச் சூடேற்றிப் பதப்படுத்தினார்கள் என்பது தெரியாது. அங்கே சிக்கனம் பிடித்தால் ஊசி மழுங்கும் அல்லது ஒடியும். இரட்டைக்குழல் என்றால் தொல்லை வேறு: ஒரு தரம் விசையை இழுக்க இரண்டும் சேர்ந்து வெடிக்கலாம், அல்லது இரு குழல்களும் ஆளுக்கொரு திசையில் ரவையை இறைக்கலாம். துருக்கிச் சரக்கு எல்லாமே இப்படி என்பதல்ல. ஸ்டோகர், பெனெல்லியின் சொந்தக் குடும்பம். மாஸ்பெர்க், வெதர்பி பெயர்களிலும் துருக்கித் துப்பாக்கிகள் விற்றிருக்கின்றன.

பிரச்சினை வேறிடத்தில். வீட்டு டோஸ்டர் ஷாக் அடித்தால் அதைத் திரும்பப் பெற உத்தரவிட அமெரிக்காவில் மத்திய ஆணையம் உண்டு. அதை உருவாக்கிய 1972ஆம் வருஷச் சட்டம் துப்பாக்கியை ஆணையத்தின் அதிகாரத்துக்கு வெளியே வைத்துவிட்டது. பிரிட்டனில் போலக் குழலைச் சோதித்து முத்திரையிட்ட பிறகே விற்கவேண்டும் என்ற கட்டாயமும் அங்கே இல்லை. கோர்ட் படியேறாமல் தீர்வு வேண்டுமானால் வாங்கியவர் நம்பக்கூடியவர் இறக்குமதியாளர்தான்.

அவர் பெயரும் ஊரும் துப்பாக்கியிலேயே பொறிக்கப்பட வேண்டும் என்பது சட்டம். விவரம் தெரிந்தவர்கள் ஆலையின் பெயரைவிட அந்தப் பொடி எழுத்தைத்தான் முதலில் படிக்கிறார்கள். ஆசாமி எத்தனை வருஷமாகத் தொழிலில் இருக்கிறார்? சொந்தப் பட்டறை உண்டா? ஊசியும் ஸ்பிரிங்கும் கையிருப்பில் வைத்திருக்கிறாரா? குழல் முனையில் திருகும் சோக், பெரெட்டா வகை மரையோடு பொருந்துமா? பொருந்தினால் வேறு கடையிலும் வாங்கிக்கொள்ளலாம். நூறு டாலர் மிச்சம் பிடித்துவிட்டு, சீசன் முழுக்கத் துப்பாக்கியைப் பட்டறையில் போட்டு வைப்பதில் என்ன லாபம்?

ரஷ்யாவின் பைகால் விஷயத்தில் நடந்தது இன்னும் மோசம். முரட்டு வேலைப்பாடு, ஆனால் உழைக்கும் என்று பெயரெடுத்த துப்பாக்கி. ஒரு கட்டத்தில் ரெமிங்டனே அதை ‘ஸ்பார்ட்டன்’ என்று பெயர் மாற்றி விற்றது, பிறகு கைகழுவியது. பைகாலைத் தயாரிக்கும் இஷெவ்ஸ்க் ஆலை கலாஷ்னிகோவ் குழுமத்தில் சேர்ந்தது. அந்தக் குழுமத்தின் மீது 2014 ஜூலையில் அமெரிக்கா தடை விதித்ததும் வரத்து நின்றது. ரெமிங்டனும் 2018, 2020 என இரண்டு முறை திவால் மனு கொடுத்தது. ஸ்பார்ட்டன் வைத்திருப்பவருக்கு ஊசி ஒடிந்தால் இப்போது பழைய சாமான் சந்தையில் துழாவ வேண்டும், அல்லது உள்ளூர் மெக்கானிக்கிடம் புதிதாகக் கடைந்து வாங்க வேண்டும்.