பார்வையாளரின் உடலுக்குப் பதில் சொல்லும் கலை

சிங்கப்பூரின் மேற்கே ஜூரோங்கில் 1977இல் திறக்கப்பட்ட அறிவியல் நிலையத்தை ஒட்டி, பத்தாண்டுகளுக்குப் பின் எழுந்த ஆம்னி தியேட்டர், 23 மீட்டர் விட்டமுள்ள குவிமாடத் திரையால் பார்வையாளரைச் சூழ்ந்து, ஆழ்கடலிலோ விண்வெளியிலோ இருக்கும் உணர்வைத் தலைமுறை தலைமுறையாகச் சிங்கப்பூரர்களுக்கு அளித்து வந்திருக்கிறது. ஆயினும் அங்கே அமர்ந்திருப்பவர் தலையைத் திருப்பினாலும் எழுந்து நின்றாலும் படம் தன் போக்கிலேயே ஓடும். அது அவரைச் சூழ்கிறதே தவிர அவருக்குப் பதில் சொல்வதில்லை. கண்களை முழுவதும் மறைக்கும் ஹெட்செட்டை அணிந்தவரின் தலையசைவையும் கையசைவையும் உணரிகள் நொடிக்குப் பலமுறை அளக்க, அவற்றுக்கேற்பக் கணினி உடனுக்குடன் வரைந்து காட்டும் முப்பரிமாணச் சூழலே மெய்நிகர் உலகம். அதைக் கொண்டு படைக்கப்படும் கலை இந்த இடத்தில்தான் குவிமாடத்திலிருந்து பிரிகிறது.

இப்பிரிவைத் தொடக்கத்திலேயே தெளிவாகக் காட்டியது கனடாக் கலைஞர் ஷார் டேவிஸ் 1995இல் படைத்த 'ஆஸ்மோஸ்'. மார்பில் கட்டிய உணரி மூச்சை அளந்ததால், மூச்சை இழுத்தவர் அந்த உலகில் மேலெழுந்தார், விட்டவர் கீழிறங்கினார், உடலைச் சாய்த்தவர் அத்திசையில் மிதந்தார்.

சிங்கப்பூர்க் கலைஞர் ஹோ ட்சூ நியென், ஜப்பானின் யாமகுச்சி கலை ஊடக மையத்தில் 2021இல் காட்சிக்கு வைத்த 'வாய்ஸ் ஆஃப் வாய்ட்' இதனினும் ஆழமாகச் செல்கிறது. பெர்ல் துறைமுகத் தாக்குதலுக்குச் சில நாள்களே இருந்த நிலையில், 1941 நவம்பர் 26 அன்று, கியோட்டோ சிந்தனை மரபைச் சேர்ந்த அறிஞர் நால்வர் உலக வரலாற்றில் ஜப்பானின் இடம் பற்றி நடத்திய கலந்துரையாடலே அதன் கரு. ஹெட்செட்டை அணிந்து பாயில் அமர்பவர் அக்கூட்டத்தின் சுருக்கெழுத்தாளராகிவிடுகிறார். கை எழுதிக்கொண்டிருக்கும்வரை அறிஞர்களின் குரல்கள் கேட்கும், எழுந்து நின்றால் போர் இயந்திரங்கள் பறக்கும் வானத்தை அடைவார், படுத்தால் மிக்கி கியோஷி, தொசாகா ஜுன் என்னும் மாற்றுச் சிந்தனையாளர்களின் குரல்கள் ஒலிக்கும் சிறையறைக்குள் இறங்குவார். அவ்விருவரும் 1945இல் சிறையிலேயே மாண்டவர்கள்.

போருக்குத் துணைநின்ற சொற்கள் பதிவாவதற்குப் பார்வையாளரின் கையே கருவியாகிறது என்பதும், அவர் எந்த நிலையை எடுத்தாலும் அந்தக் காலத்திற்கு வெளியே நின்று பார்க்க இடமே கிடைப்பதில்லை என்பதும்தான் இப்படைப்பின் வலிமை. கண்ணைக் கவரும் வண்ணங்களை அள்ளித் தெளித்துவிட்டுப் பார்வையாளரைச் சுற்றிப் பார்க்க மட்டும் விடும் பல மெய்நிகர்க் காட்சிகளைப் பங்கேற்புக் கலை என்று அழைப்பது பொருந்தாது. பங்கேற்பவரின் செயல் படைப்பின் பொருளையே மாற்ற வேண்டும்.

அந்தக் கலந்துரையாடல் நடந்து மூன்று மாதங்கள் ஆவதற்குள், 1942 பிப்ரவரி 15 அன்று, சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அதன்பின் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களில் பல்லாயிரவர் மீளவே இல்லை. கியோட்டோவில் பேசியவர்களின் சொற்கள் ஏட்டில் இருக்கின்றன. அத்தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோரின் சொற்களோ பதிவாகவே இல்லை. ஜூரோங் ஏரித் தோட்டத்தில் புதிய அறிவியல் நிலையம் உருவாகிவரும் இவ்வேளையில், அந்த வரலாற்றுக்குள் பார்வையாளரை உடலோடு அழைத்துச் செல்லும் மெய்நிகர்ப் படைப்பு ஒன்றை உருவாக்கச் சிங்கப்பூர், மலேசியத் தமிழ்க் கலைஞர்கள் முன்வர வேண்டும். அதற்கான பொருளையும் இடத்தையும் அருங்காட்சியகங்களும் தமிழ் அமைப்புகளும் தந்து உதவ வேண்டும்.