பாழ்மனையும் பேய்க்கதையும்

'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்பது முன்னோர் மொழி. ஊரில் ஆளில்லாத வீடு ஒன்று இருந்துவிட்டால் போதும். அதில் ஒரு பேயைக் குடியேற்ற மக்களுக்கு அதிக நாள் பிடிப்பதில்லை.

2001 பிப்ரவரி 28-இல் பொற்சுரங்கம் மூடப்பட்டது முதல், நம் சாம்பியன் ரீப்ஸிலும் துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் சில வெறிச்சோடிக் கிடக்கின்றன. அவற்றைப் பற்றிய கதைகளுக்கோ குறைவில்லை. விடியற்காலையில் பெங்களூர் வண்டிக்குச் சீட்டு வாங்க வருவோர் பேசிக்கொள்வதை நாள்தோறும் செவியுறுகிறேன். நள்ளிரவில் சன்னல்கள் தாமே அதிருமாம். சுவருக்குள்ளிருந்து யாரோ தட்டுவார்களாம்!

இத்தகைய கதைகளுள் தமிழகமெங்கும் பெயர் பெற்றது, சென்னை ஆழ்வார்ப்பேட்டையிலுள்ள டிமான்டி காலனியின் கதை. பூட்டிய கதவு தானே திறக்கும் என்றும், அந்நாளைய உடைமையாளரே ஆவியாய் உலவுகிறார் என்றும் கூறுவர். 2015-இல் அக்காலனியின் பெயரிலேயே ஒரு திரைப்படமும் வெளிவந்தது. அதனைப் பார்த்த நாள் முதல், என் எட்டு வயது மகன் அந்திக்குப்பின் பங்களாத் தெருவில் நடக்க மறுத்துவிட்டான்.

பேயென்று பழிக்கப்படும் அம்மனிதர் யார்? அவர் பெயர் ஜான் டி மான்டி. போர்ச்சுக்கீசிய மரபினர், சென்னையில் பெருவணிகர். அர்பத்நாட் வணிக நிறுவனத்தில் பங்காளியாக இருந்தவர். 1821-இல் காலமானார். கடற்கரையூராகிய கோவளத்தின் மாதா கோவிலில் அடக்கம் செய்யப்பட்டார். தம் பெருஞ்சொத்தை மயிலைக் கத்தோலிக்கத் திருச்சபைக்கு எழுதி வைத்தார். இருப்பதைக் கொடுத்துச் சென்றவர் அவர். ஊரார் நினைவிலோ, கொடுத்த கை மறைந்துவிட்டது. கதவு தட்டும் கை மட்டும் நிலைத்துவிட்டது. வாழ்ந்தவனின் வரலாறு மறக்கப்படும்போதே பேய்க்கதை பிறக்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம் ஊர்க் கதைக்கும் இஃது பொருந்தும். இங்கே சன்னல்கள் அதிர்ந்தது பொய்யன்று, முழு உண்மை. 1880-இல் ஜான் டெய்லர் குழுமத்தார் தொடங்கிய வேலை, ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் வரை சென்றது. தாதுவை வெட்டியெடுத்த இடமெல்லாம் வெற்றிடம் ஆயிற்று. மேலுள்ள பாறையின் பெருஞ்சுமையை எஞ்சிய பாறை தாங்க வேண்டியதாயிற்று. தாங்கும் எல்லை கடந்தபோது அது திடீரென வெடித்துச் சிதறியது. இதனையே நம் பெரியோர் 'ஏர் பிளாஸ்ட்' என்றனர். கீழே வெடித்தால் மேலே வீடுகள் குலுங்கும், பாத்திரங்கள் உருளும், சுவர்கள் பிளக்கும். சுரங்கம் மூடப்பட்டு, வெற்றிடங்களில் நீர் நிறைந்த பின்னரும் இத்தகைய அதிர்வுகள் பதிவாகியுள்ளன.

என் பாட்டனார் வட ஆர்க்காட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். ஓர் இரவு வேலைக்கு இறங்கியவர், அத்தகைய வெடிப்பொன்றில் சிக்கி உயிருடன் மேலே வரவில்லை. அன்றிரவு லைன் வீட்டில் கலயம் உருண்டதையும், தாம் எழுந்து வாயிலில் நின்றதையும் என் பாட்டி சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். வீடு குலுங்கினால் பெண்கள் பேயை எண்ணி அஞ்சவில்லை. 'யார் வீட்டுப் பிள்ளையோ!' என்று சுரங்க வாயிலை நோக்கி ஓடினார்கள்.

இதனை என் மகனுக்குச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தான். பிறகு, "தாத்தா பெயர் என்னப்பா?" என்று கேட்டான். அதுவரை அவனுக்கு அப்பெயரை நான் சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது, வெட்கினேன். மறுநாள் அந்தியில் இருவரும் பங்களாத் தெரு வழியே நடந்தோம். என் கையை அவன் விடவில்லை, ஆயினும் நடந்தான்.

அன்பர்களே! பிழைக்க வந்த ஊரில் நம்மவர்க்கு மாளிகையும் இல்லை, கல்வெட்டும் இல்லை. பிள்ளைகள் பேய்க்கதை கேட்டால் தாராளமாகச் சொல்லுங்கள். கதைக்கு அதற்குரிய சுவை உண்டு. ஆனால் அதன் முடிவில், பூமிக்குள் இறங்கிய நம் முன்னோரின் பெயர்களையும் சொல்லிவையுங்கள். நாம் சொல்லாவிட்டால், நாளை அவர்களும் இருட்டில் தட்டும் வெறும் ஓசையாகவே எஞ்சுவர்.