நீங்க இப்ப என்ன புத்தகம் படிக்கிறீங்க, டீச்சர்?

அன்று ஏழாம் வகுப்புக்கு நூலகப் பாடவேளை. தமிழாசிரியர் பயிற்சிக்குச் சென்றிருந்ததால் கணக்கு ஆசிரியையான நான் போயிருந்தேன். பீரோவைத் திறந்து ஆளுக்கொரு புத்தகம் கொடுத்துவிட்டு, குறிப்பேடுகளைத் திருத்த உட்கார்ந்தேன். முதல் வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி புத்தகத்தைத் திறக்காமலே கேட்டாள்: “நீங்க இப்ப என்ன புத்தகம் படிக்கிறீங்க, டீச்சர்?”

பி.எட். படித்தபோது வாசித்த கிஜுபாய் பதேகாவின் ‘பகல் கனவு’ நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லிச் சமாளித்தேன். மறுவாரம் வராண்டாவில் எதிரே வந்தவள், “முடிச்சிட்டீங்களா டீச்சர்?” என்றாள். அவள் குரலில் கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் எனக்கு உறைத்தது. பாடநூலைத் தவிர்த்து நான் கடைசியாக முழுதாக வாசித்த புத்தகம் எது? எவ்வளவு யோசித்தும் பெயர் வரவில்லை. “இந்தக் காலத்துப் பிள்ளைக வாசிக்கிறதே இல்ல” என்று ஆசிரியர் அறையில் அடிக்கடி சொன்னவளும் நான்தான்.

சொன்ன பொய்யை மெய்யாக்கவாவது வேண்டுமே என்று, அன்று மாலையே அருப்புக்கோட்டை நூலகத்திலிருந்து ‘பகல் கனவு’ எடுத்து வந்தேன்.

கரும்பலகையில் ஒரு மூலை

எங்கள் பள்ளி அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட வானம் பார்த்த பூமியில் இருக்கிறது. பெற்றோர் பலருக்குத் தறி வேலை, விடியலில் மல்லிகை எடுக்கும் வேலை, வேலிக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடும் வேலை. இங்குள்ள பிள்ளைகள் தறி ஓட்டுவதையும் பூக்கட்டுவதையும் பெரியவர்களைப் பார்த்தே பழகிவிடுகிறார்கள். வாசிப்பை யாரைப் பார்த்துப் பழகுவார்கள்? வீட்டில் வாசிக்கும் பெரியவர் இல்லாத பிள்ளைக்கு, அதைக் காட்டக்கூடிய பெரியவர் ஆசிரியர்தான்.

மறுநாள் கரும்பலகையின் வலது மூலையில் இரண்டு கட்டம் போட்டேன். ஒன்றில் ‘வாசித்துக்கொண்டிருப்பது’, மற்றதில் ‘வாசித்து முடித்தது’. முதல் பெயராக என் பெயரை எழுதி, பக்கத்தில் ‘பகல் கனவு, பக்கம் 22’ என்று குறித்தேன். வகுப்பே எட்டிப் பார்த்தது. கணக்கு டீச்சர் கதை படிக்கிறார் என்பதே அவர்களுக்குப் பெரிய செய்தி.

முதலில் செய்த தவறு

பழக்கம் விடவில்லை. நூலின் பெயர், ஆசிரியர், கதைச்சுருக்கம், அறிந்த நீதி என்று ஒரு படிவம் தயாரித்துக் கொடுத்தேன். முப்பது படிவங்களும் ஒரே மாதிரி வந்தன. ‘இக்கதை எனக்கு மிகவும் பிடித்தது. இதன்மூலம் ஒற்றுமையே பலம் என அறிந்தேன்.’ பலர் பின்னட்டையைப் பார்த்து எழுதியிருந்தார்கள். வாசிப்பதை நான் இன்னொரு தேர்வாக்கியிருந்தேன்.

படிவத்தைக் கைவிட்டு மூன்று கேள்விகளை மட்டும் வைத்துக்கொண்டேன். வாய்மொழியாகச் சொன்னால் போதும்.

1. இப்போது கதையில் எந்த இடத்தில் நிற்கிறாய்?
2. அடுத்து என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்?
3. முடித்ததும் இந்தப் புத்தகத்தை யாருக்குக் கொடுப்பாய்? ஏன்?

மூன்றாவது கேள்விதான் வகுப்பை மாற்றியது. “இதை அவனுக்குத்தான் கொடுப்பேன் டீச்சர், அவன் வீட்லயும் ஆடு இருக்கு” என்றான் ஒருவன். புத்தகத்தையும் நண்பனையும் ஒருசேரப் புரிந்துகொண்ட பதில் அது. எந்தப் படிவத்திலும் எனக்கு இப்படி ஒரு பதில் கிடைத்ததில்லை.

‘இப்போது வாசிப்பது’ ஏன் முக்கியம்?

முடித்த புத்தகங்களை மட்டும் எழுதச் சொன்னால் யார் அதிகம் முடித்தார்கள் என்ற போட்டி வந்துவிடும். வேகமாக வாசிப்பவர்கள் முன்னே போவார்கள், எழுத்துக்கூட்டி வாசிப்பவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். ‘வாசித்துக்கொண்டிருப்பது’ என்ற கட்டத்தில் எல்லாருக்கும் இடம் உண்டு. நமது துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் சிறு நூல்களைத் தந்திருக்கிறது. ‘நுழை’ நிலைப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்த மாணவனின் பெயரும், ‘பற’ நிலையில் இருந்தவளின் பெயரும், நாவலில் திணறிக்கொண்டிருந்த என் பெயரும் அடுத்தடுத்து நின்றன.

எஸ். ராமகிருஷ்ணனின் ‘சஞ்சாரம்’ நாவலை முடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. வாராவாரம் பக்க எண்ணை மாற்றி எழுதும்போது கூச்சமாகத்தான் இருக்கும். எழுத்துக்கூட்டி வாசிக்கும் அந்த மாணவன் ஒருநாள், “மெதுவா படிங்க டீச்சர், ஒண்ணும் அவசரமில்ல” என்று எனக்கு ஆறுதல் சொன்னான். அன்றிலிருந்து அவனும் எழுந்து நின்று சொல்லத் தொடங்கினான்.

பாதியில் விட்ட புத்தகத்தையும் சொல்லலாம் என்று அனுமதித்தேன். பிரெஞ்சு எழுத்தாளரும் பள்ளி ஆசிரியருமான டேனியல் பென்னாக், 1992இல் வெளியான தம் நூலில் வாசகரின் பத்து உரிமைகளைப் பட்டியலிட்டார். புத்தகத்தை முடிக்காமல் விடுவதும் அவற்றில் ஒன்று. ‘ஏன் விட்டேன்’ என்று சொல்லத் தெரிந்த குழந்தை, தனக்கு எது பிடிக்கும் என்பதையும் கண்டுகொள்கிறது.

நம் மண்ணுக்குப் பழகியதுதான்

வாசித்ததைப் பகிர்வது கரிசல் காட்டுக்குப் புதிதன்று. கோவில்பட்டி அருகே இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் இளமை முதல் நண்பர்கள். அழகிரிசாமி வேலைக்காக வெளியூர் சென்ற பிறகும் இருவரையும் கடிதங்கள் இணைத்தன. அழகிரிசாமி எழுதிய அக்கடிதங்கள் பின்னர் நூலாகவே வந்தன. இருவருமே சாகித்திய அகாதெமி விருது பெற்றார்கள். திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி.யின் வீட்டு முற்றத்தில் கூடிய ‘வட்டத்தொட்டி’யில், நண்பர்கள் சேர்ந்து அமர்ந்து கவிதையைச் சுவைத்தார்கள்.

நம் விருதுநகர் மாவட்டத்து மேலாண்மை பொன்னுச்சாமி ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். வாசித்து வாசித்தே எழுத்தாளராகி, ‘மின்சாரப் பூ’ சிறுகதைத் தொகுப்புக்காக 2007இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். 2018இல் ‘சஞ்சார’த்துக்காக அதே விருதைப் பெற்ற எஸ். ராமகிருஷ்ணன், நமக்குப் பக்கத்து ஊரான மல்லாங்கிணரைச் சேர்ந்தவர். “மல்லாங்கிணரா? எங்க அத்தை ஊரு டீச்சர்!” என்று ஒருத்தி துள்ளினாள். புத்தகம் எழுதுகிறவர்கள் நம் ஊர்ப் பேருந்தில் போய் வருகிறவர்கள்தாம் என்று தெரிந்த பிறகு, பீரோவுக்கு முன்னால் கூட்டம் கூடியது.

பீரோவின் பூட்டு

எங்களுக்குள் ஒரு பயம் உண்டு. புத்தகம் தொலைந்தால், கிழிந்தால், இருப்புச் சரிபார்ப்பில் யார் பதில் சொல்வது? இந்தப் பயத்தில் நானும் பல ஆண்டுகள் பீரோவைப் பூட்டியே வைத்திருக்கிறேன்.

என்னிடம் முதல் கேள்வியைக் கேட்ட அந்த மாணவியின் குடும்பம் கரிமூட்ட வேலைக்காக வேறு ஊருக்குப் போனது. மூன்று வாரம் அவள் வரவில்லை. ‘ஏழுதலை நகரம்’ அவளிடம் இருந்தது. அவள் பெயருக்கு எதிரே ‘பக்கம் 40’ என்று இருந்ததை அழிக்கப் போனேன். “அழிக்காதீங்க டீச்சர், அவ படிச்சிக்கிட்டுத்தான் இருப்பா” என்று வகுப்பே தடுத்தது. புத்தகம் போய்விட்டது என்றுதான் நான் நினைத்தேன். அவள் திரும்பி வராமலே போய்விடுவாளோ என்ற கவலை அதைவிடப் பெரிதாக இருந்தது.

நான்காவது வாரம் திங்கட்கிழமை வந்தாள். பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் ஓரங்களில் கரிவிரல் தடம். கடைசிப் பக்கத்திலும் இருந்தது. திட்டுவேன் என்று எதிர்பார்த்து நின்றாள். நான் சுண்ணக்கட்டியைக் கையில் கொடுத்தேன். தன் பெயரை அழித்து, பக்கத்துக் கட்டத்தில் தானே எழுதினாள். அந்தப் புத்தகம் இன்றும் அதே தடங்களோடு எங்கள் பீரோவில் இருக்கிறது. முதலில் எடுக்கப்படும் புத்தகமும் அதுதான்.

நாமும் தொடங்கலாம்

இதற்குத் தனி நிதியோ தனிப் பாடவேளையோ தேவையில்லை. வாரத்தில் பத்து நிமிடம் போதும். முதல் பெயர் ஆசிரியருடையதாக இருக்கட்டும். மதிப்பெண்ணும் பரிசும் வேண்டாம். ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களில் வாசித்த ஒரு பக்கத்தைச் சொன்னாலும் கணக்கில் எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் அறையின் அறிவிப்புப் பலகையிலும் இதேபோல் இரண்டு கட்டம் போடலாம். எங்கள் பள்ளியில் இப்போது அறிவியல் ஆசிரியர் பெயருக்கு எதிரே இருப்பது ‘டோட்டோ-சான்’.

நான் இந்த வாரம் வாசித்துக்கொண்டிருப்பது அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ தொகுப்பு. புத்தகங்களுக்காகத் தன்னை மொய்க்கும் குழந்தைகளில் ஒருவனின் மனத்தைக் கவனிக்கத் தவறிய பெரியவரைப் பற்றியது அதன் தலைப்புக் கதை. முடித்ததும் யாருக்குக் கொடுப்பேன் என்று கேட்டால், ஆசிரியர்களுக்குத்தான்.

நீங்கள் இப்போது என்ன வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்? நாளை உங்கள் வகுப்பில் சொல்லிப் பாருங்களேன்.